கீவாவின் மதிலுக்குள் மூன்று மணி நேரம் போதுமா?

கேள்வி, ஏப்ரல் 7, 2024

மே மாதம் உஸ்பெகிஸ்தான் போகிறோம், எட்டு நாள். தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா மூன்றும் உறுதி. கீவா வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் சண்டை. போய் வந்த நண்பர் ஒருவர், "அது ஊரே இல்லை, சினிமா செட். மதிலுக்குள் மூன்று மணி நேரம் சுற்றினால் முடிந்தது. அதற்காகப் பாலைவனத்தில் ஒரு பகல் முழுக்க வண்டியில் உட்காரணுமா?" என்கிறார். போனவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 7, இரவு

நானும் மனைவியும் போன மாதம்தான் போய் வந்தோம். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. இச்சான் கலா, அதாவது உள்கோட்டை, 650 மீட்டருக்கு 400 மீட்டர். மொத்தமே 26 ஹெக்டேர். மேற்கு வாசலில் நுழைந்து நேரே நடந்தால் பத்தே நிமிடத்தில் கிழக்கு வாசலில் வெளியே நிற்பீர்கள். ஆகவே "சுற்றி முடிக்க" மூன்று மணி நேரம் தாராளம்.

நாங்கள் இரண்டு இரவு இருந்தோம். முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு நானும் உங்கள் நண்பர் சொன்னதையேதான் மனைவியிடம் சொன்னேன். செட் மாதிரி இருக்கிறது, துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று. ஆட்டுத்தோல் தொப்பிக் கடை, பட்டுத் துண்டுக் கடை, மறுபடி தொப்பிக் கடை. அந்தத் தொப்பியின் பெயர் சுகுர்மா. சடை சடையாகக் கம்பளி தொங்கும், தலையில் ஓர் ஆட்டையே தூக்கி வைத்த மாதிரி இருக்கும். போட்டுப் படம் எடுத்துக்கொள்ளாதவர் யாரும் இல்லை. நானும் எடுத்துக்கொண்டேன். காட்ட மாட்டேன்.

வழியைப் பற்றி ஒன்று. புகாராவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். பெரும்பாலும் கிசில்கும் பாலைவனம். ஓர் இடத்தில் அமு தாரியா ஆறு தெரியும், வண்டியை நிறுத்துவார்கள். ஆற்றைத் தாண்டி, கீவா இருக்கும் கோரெசம் வட்டாரத்துப் பக்கம் வந்தால் திடீரென்று எங்கு பார்த்தாலும் தண்ணீர் கட்டிய நெல்வயல். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

ஏப்ரல் 8

இரவு எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். பகல் பத்து முதல் ஐந்து வரை அது செட்தான், மறுக்கவில்லை. ஐந்தரைக்குச் சுற்றுலா பஸ்கள் கிளம்பிவிடும். கடைக்காரர்கள் சாமானை மடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு மதிலுக்கு வெளியே அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அங்கே இருப்பது நீங்கள், பூனைகள், காற்று. கல்டா மினார் என்ற கோபுரத்தின் நீல ஓடுகள் இருட்டும் நேரத்தில் நிறம் மாறுவதைச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். அதற்காகவே மதிலுக்குள் தங்குங்கள்.

கல்டா என்றால் குட்டை. 1850களின் தொடக்கத்தில், கீவாவை ஆண்ட முகமது அமீன் கான் கட்ட ஆரம்பித்தது. 70 மீட்டருக்கு மேல் எழுப்ப எண்ணமாம். 1855இல் சரக்ஸ் பக்கம் துர்க்மேனியரோடு நடந்த சண்டையில் கான் தலையை இழந்தார். மினார் 29 மீட்டரில் நின்றது. அடிவிட்டம் 14 மீட்டருக்கு மேல், உச்சிக்குப் போனாலும் பெரிதாகக் குறுகவில்லை. குண்டு ஜாடி மாதிரி இருக்கிறது. "கொத்தனாரை புகாரா அமீர் ரகசியமாக வளைத்துப் போட்டார், கான் கொல்லப் பார்த்தார், கொத்தனார் ஓடிவிட்டார்" என்று எங்கள் வழிகாட்டி நீட்டி முழக்கினார். கான் செத்தார், காசு நின்றது, வேலை நின்றது. நம் ஊரில் பாதியில் நிற்கும் பாலங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏப்ரல் 8, சற்றுப் பின்

தங்கும் இடம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் தங்கிய வீட்டுவிடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் முதல் இரவு சூடேற்றி வேலை செய்யவில்லை. மார்ச் மாதத்து இரவுக் குளிரில் மூன்று ரஜாயைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடித்தோம். காலையில் அந்த வீட்டு அம்மா தன் கையாலேயே தேநீர் ஊற்றிக்கொடுத்து மன்னிப்புக் கேட்டதும் கோபம் போய்விட்டது. இன்னொன்று, கார் வாசலோடு நின்றுவிடும். உள்ளே செங்கல் பாவிய தெருவில் பெட்டியை உருட்டிக்கொண்டு போனதில் என் பெட்டியின் ஒரு சக்கரம் கீவாவிலேயே தங்கிவிட்டது. முதுகுப்பை உத்தமம்.

ஏப்ரல் 10

இந்த இழையில் ஒருவர் நறுக்கென்று குட்டியிருக்கிறார். மார்ச்சில் அங்கே ஏது நெல்? சரிதான், திருத்திக்கொள்கிறேன். நான் பார்த்தது நெல்வயலே இல்லை. கோரெசத்தில் நெல் உண்டு, ஆனால் அது கோடைப் பயிர். குளிர்காலக் கடைசியில் வயலில் தண்ணீர் கட்டுவது மண்ணிலிருக்கும் உப்பைக் கழுவ. பருத்தி விதைப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாய்ச்சி, நிற்கவிட்டு, உப்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறார்கள். ஆண்டு தவறாமல் செய்கிறார்கள். செய்யாவிட்டால் விளையாது.

இதைப் படித்ததும் எனக்கு வேறொன்று விளங்கியது. கட்டட வேலையில் இருபது வருடம் இருந்தவன் நான், போன இடத்திலெல்லாம் சுவரின் காலைப் பார்ப்பது தொழில்புத்தி. கீவாவில் பல கட்டடங்களின் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, செங்கல்லில் உப்புப் பூத்திருந்தது. விரலால் தடவினால் மாவாக வருகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன் (மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்), கரித்தது. பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தேன். வயலில் தண்ணீர் கட்டினால் நிலத்தடி நீர் ஏறும், அந்த நீர் உப்போடு சுவரில் ஏறும், வெயிலில் நீர் போய் உப்பு மட்டும் செங்கல்லுக்குள் தங்கி அதை உள்ளிருந்து பொரியவைக்கும். வயலைக் காப்பாற்றும் தண்ணீரே கோட்டையை அரிக்கிறது. நான் "கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று எழுதியது அந்தத் தண்ணீரைத்தான்.

ஏப்ரல் 11

மதில் பற்றிக் கூடுதலாக. சுற்றளவு கிட்டத்தட்ட 2,250 மீட்டர், உயரம் சுமார் 10 மீட்டர். வெளிப்பக்கம் சரிவாக, இடைக்கிடை அரைவட்டக் கொத்தளம். எல்லாம் மண். வைக்கோல் கலந்த மண்பூச்சு, கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வைக்கோல் துணுக்கும் வெயிலில் மின்னும். தெற்குப் பக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மதிலின் சரிவிலேயே கல்லறைகள், தொட்டில் கவிழ்த்த மாதிரி. இறந்தவரை மதிலில் ஏன் புதைத்தார்கள் என்று கேட்டால், கீழே தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று ஒரே வரியில் பதில். மறுபடி அதே தண்ணீர்.

வடக்கு வாசல் பக்கம் படியேறி மதில் மேல் கொஞ்ச தூரம் நடக்கலாம். கட்டணம் உண்டு. சூரியன் சாயும் நேரத்துக்குப் போங்கள். கைப்பிடி எல்லா இடத்திலும் கிடையாது, குழந்தைகள் இருந்தால் கையை விடாதீர்கள்.

ஏப்ரல் 13

தூண் கணக்கு. ஜும்ஆ மசூதி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கீவாவில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். வெளியே ஒன்றும் தெரியாது. மற்ற இடங்களைப் போல ஓடு பதித்த பெரிய முகப்பு கிடையாது, சாதாரண வாசல். உள்ளே போனால் அரையிருட்டு, தட்டைக் கூரை, கூரைத் திறப்புகள் வழியாக மட்டும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் ஒரு காடு போல மரத்தூண்கள். 213 தூண் என்று எங்கள் புத்தகத்தில் இருந்தது. 212 என்றும் 218 என்றும்கூடச் சொல்கிறார்கள். நான் எண்ணினேன், 211. மனைவி 214. இரண்டு பேரும் மறுபடி எண்ணினோம், இரண்டு பேருக்கும் வேறு எண் வந்தது. ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு போகும்போது ஏதோ ஒரு தூணின் செதுக்கல் கண்ணை இழுத்துவிடும், அவ்வளவுதான், கணக்குத் தப்பிவிடும்.

இப்போதைய மசூதி 1780களின் கடைசியில் கட்டியது. தூண்கள் ஒரே காலத்தவை அல்ல. சில 10, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து நட்டவை. மற்றவை அப்புறம் அப்புறம் மாற்றியவை. அடிப்பகுதியைப் பாருங்கள். தூண் கீழே வந்து குடம் போலப் பெருத்து, பின் சட்டென்று ஒடுங்கி ஒரு கல்மேல் நிற்கும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒட்டகக் கம்பளி வைப்பார்களாம், கரையான் ஏறாமல் இருக்க. வழிகாட்டி சொன்னது. நான் குனிந்து பார்த்த தூணில் கறுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது, கம்பளியா அழுக்கா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ஏப்ரல் 13, இரவு

214 என்பது மனைவியின் இறுதித் தீர்ப்பு என்று இங்கே பதியச் சொல்கிறாள்.

ஏப்ரல் 17

"2,500 வருடப் பழமையான ஊர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர் பழையதுதான், 1997இல் அந்த 2,500ஐக் கொண்டாடவும் செய்தார்கள். ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டு. கோரெசத்தின் தலைநகரம் முன்பு வேறிடத்தில் இருந்தது. அமு தாரியா தடம் மாறி, பழைய ஊர்கஞ்சுக்குத் தண்ணீர் இல்லாமல் போன பிறகுதான் கீவாவுக்கு யோகம் அடித்தது. அதையும் 1740இல் நாதிர் ஷா வந்து நொறுக்கினார். ஆமாம், அதே நாதிர் ஷா. 1739இல் தில்லியைச் சூறையாடி மயிலாசனத்தைத் தூக்கிப் போனவர், மறு வருடமே இங்கே. 1873இல் ரஷ்யப் படை. அதோடுதான் அடிமைச் சந்தை மூடப்பட்டது. கிழக்கு வாசலின் நீண்ட வளைவுப் பாதையில் இரண்டு பக்கமும் மாடங்கள் இருக்கும். இப்போது அங்கே காந்தப் பொம்மை விற்கிறார்கள். அடிமை வியாபாரம் நடந்த இடம் என்று தெரிந்த பிறகு எனக்கு அங்கே பேரம் பேச வாய் வரவில்லை. மனைவி இரண்டு வாங்கினாள்.

வானத்தைத் தொடும் இஸ்லாம் கோஜா மினார் இருக்கிறதே, எல்லாப் படத்திலும் வருவது, அது 1908-10இல் எழுந்தது. சென்னை ரிப்பன் மாளிகையைவிட மூன்று வருடம்தான் மூப்பு! கட்டிய இஸ்லாம் கோஜா கானின் பிரதம அமைச்சர். ஆஸ்பத்திரி, தபால், தந்தி எல்லாம் கொண்டுவந்தவர். 1913இல் குத்திக் கொன்றார்கள். மினார் சுமார் 57 மீட்டர், படி 118. கேட்கும்போது ஒன்றுமில்லாத மாதிரி தோன்றும். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், கும்மிருட்டு, எதிரே ஒருவர் இறங்கிவந்தால் சுவரோடு பல்லி போல ஒட்டிக்கொள்ள வேண்டும். பாதியில் "போதும்" என்று உட்கார்ந்தேன். பின்னால் வந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர், எழுபது வயது இருக்கும், என்னைத் தாண்டி ஏறிப் போனார். மானம் போகிறதே என்று ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 18

சைவம் பற்றிக் கேட்டவருக்கு. கஷ்டம், ஆனால் பட்டினி இல்லை. கீவாவுக்கே உரிய உணவு ஷிவித் ஓஷி. பச்சை நிற நூடுல்ஸ், சதகுப்பைக் கீரையை அரைத்து மாவில் சேர்த்துப் பிசைந்தது. மேலே கறிக்குழம்பு ஊற்றுவார்கள், பக்கத்தில் தயிர். குழம்பு வேண்டாம் என்று சைகையில் சொல்லி, தயிரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள் மனைவி. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் துகும் பாரக். அடித்த முட்டையைச் சப்பாத்தி மாவுப் பையில் பச்சையாகவே ஊற்றி, வாயை மூடி, ஒரு நொடி தாமதிக்காமல் கொதிநீரில் போட வேண்டும். தாமதித்தால் ஒழுகிவிடும். விடுதி அம்மா செய்து காட்டினார். நான் முயன்றதில் முதல் இரண்டும் ஒழுகின. ரொட்டியும் பச்சைத் தேநீரும் எங்கேயும் கிடைக்கும்.

ஏப்ரல் 23

பயில்வான் விஷயம். கிழக்கு வாசலின் பெயர் போல்வான் தர்வாசா. போல்வான் என்பது நம் பயில்வானேதான், பாரசீகச் சொல், அங்கேயும் போயிருக்கிறது, இங்கேயும் வந்திருக்கிறது. ஊரின் காவல் தெய்வம் மாதிரி ஒருவர், பஹ்லவான் மஹ்மூத், 1326இல் இறந்தவர். மல்யுத்த வீரர், கவிஞர், தொழில் கம்பளித்தோல் தைப்பது. மூன்றும் ஒரே ஆள். கதை ஒன்று சொல்கிறார்கள். இந்தியாவுக்குப் போய் ஒரு ராஜாவைச் சந்தோஷப்படுத்தினாராம். என்ன வேண்டும் என்று ராஜா கேட்க, ஒரு மாட்டுத்தோலுக்குள் அடங்கும் அளவுக்குச் சிறைப்பட்ட என் ஊர்க்காரர்களை விடு என்றாராம். ராஜா சிரித்துக்கொண்டே சரி என்றார். இவர் தோலை நூல் நூலாக வெட்டி நீளமாக்கி, எல்லோரையும் வளைத்துக்கட்டிக் கூட்டி வந்துவிட்டார். தோல் தைக்கிறவருக்கே தோன்றும் யோசனை.

அவர் சமாதியின் நீலக் குவிமாடம்தான் ஊரில் பெரியது. உள்ளே சுவரெல்லாம் ஓடு, ஓடுகளில் அவர் எழுதிய நாலடிப் பாரசீகப் பாட்டுகள். நாங்கள் போனபோது ஒரு கல்யாண ஜோடி வந்தது, பெரியவர் ஒருவர் ஓத, எல்லோரும் கையேந்தி, முகத்தைத் தடவிக்கொண்டார்கள். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடம் செட் என்ற நினைப்பே வரவில்லை.

ஏப்ரல் 24

ஓடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தோஷ் ஹவ்லி அரண்மனை, 1830களில் அல்லாகுலி கான் கட்டியது. பெண்கள் முற்றத்தில் ஒரு பக்கம் உயரமான ஐந்து திண்ணைகள் வரிசையாக இருக்கும், ஒன்று கானுக்கு, நான்கு மனைவியருக்கு. அங்கே ஓடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணி அடித்த தடம். ஓரத்தில் பொடி எழுத்தில் எண். வரைந்து, சுட்டு, எண்படி பொருத்தியிருக்கிறார்கள். அப்படியும் ஓர் இடத்தில் கொடி ஒன்று ஓட்டின் ஓரத்தில் முறிந்து வேறெங்கோ முளைத்திருந்தது. எவனோ ஒருவன் இரண்டு ஓட்டை மாற்றி வைத்துவிட்டான், இருநூறு வருடமாக யாரும் திருப்பி வைக்கவில்லை. இல்லை, பழுதுபார்த்தபோது மாற்றினார்களோ என்னவோ. முதல் ஊகம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே ஓடு வரைந்த அப்துல்லாவுக்கு ஜின், அதாவது பூதம், என்று பட்டப்பெயர். அவர் செய்த தப்பாக மட்டும் இருக்காது.

முற்றத்தில் வட்டமாக ஒரு செங்கல் மேடையும் உண்டு. கிணறு மேடை என்று நினைத்தேன். கூடாரம் அடிக்கிற மேடையாம். அரண்மனைக்குள்ளேயே நாடோடிக் கூடாரம் போட்டுக் குளிர்காலத்தில் அதில் இருப்பார்களாம். எங்கள் அறையின் சூடேற்றியை நினைத்துக்கொண்டேன்.

மே 2

தொடக்கத்தில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "அங்கே இருப்பது நீங்கள், பூனைகள், காற்று" என்று எழுதியது அழகுக்காக எழுதியது, அவ்வளவும் உண்மை இல்லை. மதிலுக்குள் நினைவுச்சின்னங்கள் 51 என்றால் வீடுகள் 250. மேற்கு-கிழக்கு பெரிய தெருவை விட்டு வடக்கே திரும்பினால் சந்துகள், மண்சுவர் வீடுகள், கொடியில் காயும் பள்ளிச்சீருடை, தெருவோரத்தில் மண் அடுப்பு. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அங்கே ஓர் அம்மா தந்தூரின் உள்சுவரில் ரொட்டியை அறைந்து ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ஒருவர் தலைவாசல் சுவருக்கு வைக்கோல் மண்ணைக் காலால் மிதித்துக் குழைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், மிதிப்பதை நிறுத்தவில்லை.

1960களின் இறுதியில் சோவியத் அரசு உள்கோட்டையை அருங்காட்சியகக் காப்பிடமாக்கியது. மதரசாக்கள் காலி, மசூதிகள் காலி. 1990இல் யுனெஸ்கோ பட்டியல். உங்கள் நண்பர் "செட்" என்பது அந்தக் காலியைத்தான். அவர் பார்த்தது தப்பில்லை, அவர் பெரிய தெருவோடு திரும்பிவிட்டார், அதுதான் விஷயம். நானும் பகலில் அதைத்தான் செய்தேன்.

மே 3

போக்குவரத்து கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: தாஷ்கண்டிலிருந்து இப்போதைய ஊர்கஞ்சுக்கு (முன்பு சொன்ன பழைய ஊர்கஞ்சு வேறு) விமானம், அங்கிருந்து டாக்சி. இல்லையென்றால் ராத்திரி ரயில். 2018 கடைசியிலிருந்து ரயில் கீவாவுக்கே வருகிறது, நிலையத்திலிருந்து கிழக்கு வாசலுக்கு நடந்தே போய்விடலாம். புகாராவிலிருந்தும் ரயில் உண்டு, கார் வழியை விட முதுகுக்கு நல்லது. கோடையில் 40 டிகிரி தாண்டும், மே முதல் பாதிக்குள் போங்கள்.

மே 6

கேள்வி கேட்டவர் இரண்டு இரவு பதிவு செய்துவிட்டதாகத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். வீட்டுச் சண்டையில் மனைவி கட்சி ஜெயித்ததாம். பழைய அரண்மனையான குன்யா ஆர்க்கின் நாணயசாலையில் பட்டுத்துணியில் அச்சடித்த பணம் வைத்திருக்கிறார்கள், 1920ஐ ஒட்டிய வருடங்களில் காகிதத்துக்குப் பதில் பட்டில் அடித்தது. செல்லாமல் போனதும் ரஜாய்க்கு ஒட்டுப்போட்டுத் தைத்தார்களாம். பார்க்காமல் வராதீர்கள். தூண்களை இருவரும் தனித்தனியாக எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இங்கே பதியுங்கள். எங்கள் வீட்டில் 211க்கும் 214க்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.